பாதிக் குளிசை

நன்றி சொன்ன ஒருத்தியின் கையை உதறிவிட வேண்டும் போலச் சாமினிக்கு இருந்தது அந்தச் சனிக்கிழமை காலையில்தான்.

வெள்ளவத்தையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, காலி வீதியோரம் கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். கையில் அம்மா கட்டிக் கொடுத்த வடகப் பொட்டலம். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சாம்பல் நிற ஹிஜாப் அணிந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, இரண்டு மூன்று தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"கொற நெனச்சிக்காதீங்க. நீங்க கிளெமென்ற் அண்ணாட வய்ப் தானே?"

"ஓம். நீங்கள்?"

"நான் நஸ்லா. கிளினிக்ல பழக்கம். அண்ணா போன்ல ஒங்கட போட்டோ காட்டீக்கார்." குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிவிட்டுச் சாமினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களப் பாக்கணும்னு எவ்வளவு நாளா நெனச்சீக்கேன் தெரியுமா? ஒங்கட லெப்ல செய்ற குளிசையாலதான் நான் இன்னைக்கு இந்தப் புள்ளையத் தூக்கிட்டு நடக்கிறேன்."

சாமினிக்கு விளங்கவில்லை. "எங்கட லெப்பில குளிசை செய்யிறதில்லையே."

நஸ்லா கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். "தெரியும். வெளிய செல்லக் கூடாதுன்னு அண்ணா சென்னார். நான் யார்ட்டயும் செல்ல மாட்டேன், பயப்படாதீங்க." கைப்பையைத் துழாவி ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் காட்டினாள்.

நீல மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல். இரத்த மாதிரிகள் போட்டு வைப்பது. அவள் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் வேறு வகைக்கு மாறியபோது, பாவிக்காமல் மிஞ்சியவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, கராம்பும் ஏலக்காயும் போட்டு வைத்தவள் சாமினிதான். இந்தப் போத்தலுக்குள் கராம்பு இல்லை. மஞ்சளும் மண்ணிறமும் கலந்த குளிசைகள் இருந்தன. அந்த நிறத்தையும், நடுவில் ஓடும் கீறலையும் அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள். கணவன் கிளெமென்றுக்காகச் சென்னையிலிருந்து அவள் எடுப்பிக்கும் குளிசைகள்.

"இவர் எப்ப தொடக்கம் தாறார்?" என்று கேட்டாள். குரல் எப்படியோ சாதாரணமாகத்தான் வந்தது.

"நோன்புக்கு முந்தி தொடக்கம். ஒவ்வொரு மாசமும். கிளினிக்ல அர மாசத்துக்குத்தானே தாறாங்க. மத்த அர மாசம் ஒங்களால. அல்லா ஒங்களுக்கு பரக்கத் செய்யணும். ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க, பாமன்கடையிலதான் ஈக்கிறோம்."

பஸ் வந்தது. சாமினி ஏறினாள். ஏறும்போது "வாறன்" என்று சொன்னாளா, ஒன்றுமே சொல்லவில்லையா என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை.

ஜன்னலோரம் இருக்கை கிடைத்தது. கடல்மேல் வெயில் அடித்தது. நோன்புக்கு முந்தி என்றால், கிளெமென்றின் இரத்தப் பரிசோதனை கடைசியாக நன்றாக வந்த மாதம். அதற்குப் பிறகு வந்த அறிக்கையில் நோயின் அளவில் சின்ன ஏற்றம். இரண்டு கிழமைக்கு முன் வந்ததில் பெரிய ஏற்றம். அந்த இரண்டு கிழமையும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குளிசையில் கோளாறு என்று நினைத்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு போய் லெப்பில் கூட வேலை செய்பவரைக் கெஞ்சி மெஷினில் போட்டுப் பார்த்தாள். குளிசை திறமாக இருந்தது. அப்படியும் மனம் கேளாமல் சென்னையில் இருக்கும் படிப்புக் காலத் தோழிக்குப் போன் எடுத்து, "நீ எந்தக் கடையிலயடி வாங்கினனீ, போலி மருந்து வித்திருக்கிறாங்கள்" என்று கத்தினாள். அந்தத் தோழி அழுதுவிட்டாள். வருசக்கணக்காக ஊருக்கு வருகிற ஆள் யார் என்று தேடித் தேடிப் பெட்டியைக் கொடுத்தனுப்புகிறவள்.

மருதானைப் பக்கம் பஸ் நெரிசலில் நின்றபோது, சாமினியின் மடியில் வடகம் பொடியாகியிருந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறாள்.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவளுடைய வேலை புரதங்களோடுதான். ஒரு கலத்துக்கு, அதாவது உயிரணுவுக்கு, வெளியிலிருந்து 'பெருகு' என்று ஒரு செய்தி வந்தால், அதை ஒரு புரதம் வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததுக்கு. கடைசியில் கலம் இரண்டாகும். வேலை முடிந்ததும் செய்தி நின்றுவிடும். கிளெமென்றின் எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையில் என்றோ ஒருநாள் மரபணுக்களைத் தாங்கும் இரண்டு நிறமூர்த்தங்கள் உடைந்து, துண்டு மாறி ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டிலிருந்து உலகத்தில் இருக்கக்கூடாத ஒரு புரதம் பிறந்தது. அதற்கு யாரும் வெளியிலிருந்து செய்தி அனுப்பத் தேவையில்லை. அது தானே நாள் முழுக்க 'பெருகு, பெருகு' என்று கத்திக்கொண்டிருக்கும். வெள்ளைக் கலங்கள் கணக்கில்லாமல் பெருகும். அதுதான் அவனுடைய இரத்தப் புற்றுநோய். அந்தப் புரதத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. தன் சக்தியை அது வாங்கிக்கொள்வது அந்தக் குழியில்தான். மருந்து போய் அந்தக் குழிக்குள் இருந்துகொண்டால் கத்தல் நின்றுவிடும்.

நோய் தெரிந்த புதிதில் இதையெல்லாம் அவள் படம் கீறி விளக்கினாள். கிளெமென்ற் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அப்ப குழி எண்டது கப்பல் கட்டுற பேர்த். உம்மட மருந்துக் கப்பல் முதலே வந்து கட்டிப்போட்டா, கள்ளக் கப்பலுக்கு இடமில்லை. அவ்வளவுதானே?" அன்று நோய் வந்த பயத்துக்கு நடுவிலும் அவள் சிரித்தாள். விரிவுரையில் அந்த உதாரணத்தை அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கிளெமென்ற் குசினியில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தான். முன் அறையில் அவனுடைய அம்மா, சாமினியின் மாமி கொன்ஸ்ரன்ஸ், தொலைக்காட்சியின் முன்னால்.

"வந்திட்டீரா? வெள்ளவத்தையில மாமி சுகமா?" என்றான் திரும்பாமலே.

"நஸ்லாவைச் சந்திச்சனான்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அவன் அதைப் பூட்டினான். கையைத் துடைக்கவில்லை. மீன் செதில்கள் விரல்களில் மினுங்கின.

"எந்த நஸ்லா?"

"இன்னொரு பொய் வேண்டாம். நீலப் போத்தல் நஸ்லா."

அவன் சுவரில் சாய்ந்தான். ஆறடி மனிதன், நோய்க்குப் பிறகு தோள் ஒடுங்கியவன். "சாமினி, நான் சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப? செத்த வீட்டிலயா?"

"அப்பிடிக் கதையாதையும்."

"வேற எப்பிடிக் கதைக்கிறது? நான் அந்தக் குளிசையைக் கொண்டுபோய் மெஷினில போட்டுப் பாத்தனான். சென்னையில ஒருத்தியைக் கள்ளி எண்டு ஏசினனான். நீங்கள் அந்த நேரம் எனக்கு முன்னால இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தீங்கள். 'ஏன் அந்தப் பிள்ளையைப் பேசுறீர்' எண்டு எனக்குப் புத்தியும் சொன்னீங்கள்."

அவன் விரலில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டினான்.

"உங்களுக்கு மிஞ்சினது எவ்வளவு? சொல்லுங்கோ."

"கிளினிக்கில தாற அர மாசத்துக் குளிசை. அதைப் பிளேட்டால ரெண்டாக்கி... ஒவ்வொரு நாளும் பாதி. ஒரு நாளும் போடாம விடேல்ல." கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு மெல்லிய பெருமை இருந்தது. அதுதான் அவளைக் கொளுத்திப்போட்டது.

பகல் சாப்பாட்டோடு போடவேண்டிய மருந்து. ஒபிசில் போடுகிறேன் என்று பெட்டியை வாங்கிக்கொண்டு போவான். அவளும் நம்பினாள். காகிதம் வெட்டும் பிளேட்டை எடுத்து மேசையில் குனிந்து குளிசையைப் பிளக்கும் கிளெமென்றை அவள் கண்ணுக்குள் பார்த்தாள்.

"நான் லெப்பில என்ன செய்யிறன் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்தானே. மருந்துக்கு மசியாத கலங்களில..."

"அந்தக் கலங்கள் எங்கயிருந்து வருது? கடையில விக்கிறதில்லை. நாங்கள்தான் செய்யிறம். எப்பிடிச் செய்யிறது தெரியுமா? நல்ல கலங்களை எடுத்து, கொல்லாத அளவுக்குக் கொஞ்சமா மருந்து குடுக்கிறது. பாதி. ஒவ்வொரு நாளும், ஒரு நாளும் விடாம. எளியதுகள் சாகும். எங்கயாவது ஒண்டு குழியின்ர வடிவத்தை மாத்திக்கொண்டு தப்பும். பிறகு அது மட்டும் பெருகும். மாசக்கணக்காப் பொறுமையா இருந்தாத்தான் அது வரும்." அவள் குரல் உடைந்தது. "நான் போத்தலுக்குள்ள செய்யிறதை நீ உன்ர என்புக்குள்ள செய்து வச்சிருக்கிறாய்."

கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அவள் அவனை 'நீ' என்று சொன்னதில்லை. இருவருக்குமே அது கேட்டது.

முன் அறையில் தொலைக்காட்சி நின்றது. கொன்ஸ்ரன்ஸ் குசினி வாசலுக்கு வந்தாள். "பிள்ளையள், சண்டை பிடிக்கிறதெண்டா ஜன்னலைச் சாத்திப்போட்டுப் பிடியுங்கோ. பக்கத்து வீட்டுக்காரி அரைக்கிற மெஷினையும் நிப்பாட்டிப்போட்டுக் கேக்கிறா."

"கேக்கட்டும் மாமி. உங்கட மகன் தன்ர மருந்தைப் பாதியாக்கி ஊருக்குக் குடுத்திருக்கிறார்."

கொன்ஸ்ரன்ஸ் மகனைப் பார்த்தாள். முகத்தில் பயம் வருவதற்கு முன்னால் வேறு எதுவோ வந்தது. "ஏழைக்கா குடுத்தவன்? அவன் சின்னனிலயும் அப்பிடித்தான் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் குடுக்கிற சாப்பாட்டை..."

"மாமி, இது பாண் இல்லை," என்றாள் சாமினி. "பகிர்ந்து சாப்பிடுறதுக்கு."

கொன்ஸ்ரன்ஸ் மெல்ல வந்து, சட்டியில் கிடந்த மீனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வெளியே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கிளெமென்ற் தாழ்ந்த குரலில் சொன்னான். "அண்டைக்குக் கிளினிக்கில 'மருந்து பாதிதான் இருக்கு' எண்டாங்கள். நாங்கள் எல்லாரும் மரவாங்கில வரிசையா இருக்கிறம். அங்க ஒரு பழக்கம் இருக்கு, உமக்குத் தெரியாது. ஆருக்கும் முடிஞ்சுபோனா பக்கத்தில இருக்கிற ஆள் ரெண்டு மூண்டு குடுக்கும், அடுத்த கிளினிக்குக்குத் திருப்பிக் குடுக்கும். அண்டைக்கு நஸ்லா ஆரிட்டயும் கேக்கேல்ல. பிள்ளைக்கு அப்பதான் நடக்கத் தொடங்கின வயசு. அது என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி நிக்குது. என்ர பொக்கெற்றுக்குள்ள நீர் தந்த பெட்டி. நான் என்ன செய்ய?"

"எனக்குப் போன் எடுத்திருக்கலாம்."

"எடுத்து?"

"இன்னொரு பெட்டி எடுப்பிச்சிருப்பன்."

அவன் தலையை ஆட்டினான். "ஒரு பெட்டிக்கே நீர் ஆரிட்டயெல்லாம் கெஞ்சினீர் எண்டு நான் பாத்தனான். முன்ன பின்னத் தெரியாத கல்யாணவீட்டுக்காரரிட்ட, கோயிலுக்குப் போற சனத்திட்ட. எயார்போட்டில ரெண்டு மணித்தியாலம் நிண்டு, அந்த மனிசன் பெட்டியை மறந்துபோட்டு வந்திட்டான் எண்டு தெரிஞ்சு நீர் வாகனத்துக்குள்ள அழுதது எனக்குத் தெரியாது எண்டு நினைக்கிறீரா? ரெண்டு பெட்டிக்கு உம்மை நான் எப்பிடி அனுப்புறது?"

இதைக் கேட்டால் மனம் இளகும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அவளுக்குக் கோபம் இன்னும் மூண்டது. நான் கெஞ்சியதை உன்னால் பார்க்க முடியவில்லை, அதனால் நான் கெஞ்சி வாங்கியதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாய் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"நாளைக்கு ஞாயிறுப் பூசை முடிய அந்தப் பிள்ளை வீட்டை போறம். உண்மையை நீங்கள்தான் சொல்லவேணும்."

"சொன்னா அவ வாங்கமாட்டா."

"வாங்கக் கூடாது."

"அப்ப அவவுக்கு மற்ற அர மாசம்?"

பெட்டி ஒன்று. அதற்கு வாய் இரண்டு. இவனைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வீதியில் தன் கையைப் பிடித்து வாழ்த்தியவளிடமிருந்து பிடுங்கவேண்டும். அந்த நிலைமைக்குத் தன்னைக் கொண்டுவந்து விட்டவன் மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்தில், அன்றிரவு அவள் மாமியின் அறையில் பாய் போட்டுப் படுத்தாள்.

நஸ்லாவின் வீடு பாமன்கடையில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தட்டு. கணவன் சஜீத் கட்டாரில் வேலை. அவளும் பிள்ளையும் அவளுடைய அண்ணன், அவள் நானா என்று கூப்பிடும் ஸைத்தோடு இருந்தார்கள். வாசலிலிருந்து உள் அறை வரை துணிக் கட்டுகள். மேசையில் பொரித்த பற்றிசும் இஞ்சித் தேநீரும் தயாராக இருந்தன. வருகிறோம் என்று காலையில் கிளெமென்ற் போனில் சொல்லியிருந்தான். நேற்றுக் கூப்பிட்டதற்கு இன்றைக்கே வந்துவிட்டார்களே என்று நஸ்லாவுக்கு முகம் முழுக்கச் சந்தோசம்.

"முதல்ல சாப்பிடுங்க, மறுகா கதைப்போம்," என்றாள்.

"முதல்ல இவர் கதைக்கட்டும்," என்றாள் சாமினி.

கிளெமென்ற் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு, எதையும் மறைக்காமல். லெப்பில் குளிசை செய்வதில்லை. அது தன்னுடையது. சென்னையிலிருந்து வருவது. தான் பாதி போட்டது. இப்போது இரத்தத்தில் நோய் ஏறியிருக்கிறது.

நஸ்லா அழுவாள் என்று சாமினி எதிர்பார்த்திருந்தாள். அதற்குச் சொல்ல ஆறுதல் வார்த்தைகளையும் பஸ்ஸில் வரும்போதே அடுக்கி வைத்திருந்தாள். நஸ்லா அழவில்லை. மடியிலிருந்த பிள்ளையை நிலத்தில் இறக்கிவிட்டு எழுந்து நின்றாள்.

"யார் கேட்டது ஒங்கள்ட்ட?"

"நஸ்லா, நான் உதவிக்கு..."

"நான் கேட்டனா? ஒங்கட உசிர வெட்டி ஏன்ட வாய்க்குள்ள போடுங்கன்னு நான் கேட்டனா அண்ணா? ஒவ்வொரு நாளும் அந்தக் குளிசையப் போட்டுட்டு ஒங்களுக்காக கையேந்தி துஆ செஞ்சீக்கேன். இன்னொருத்தர்ட ஆயுசத் தின்னுட்டு அவருக்கே துஆ. என்னை என்ன பாவத்துக்கு ஆளாக்கி வச்சீக்கீங்க?" அவள் உதடு துடித்தது. "நீங்க நல்லவராகணும். அதுக்கு நானா கெடச்சேன்?"

கிளெமென்றின் முகம் வெளிறியது. சாமினி நேற்று முழுதும் பேசியதில் ஒரு சொல்கூட அவனை இப்படித் தொடவில்லை. தான் தேடிக்கொண்டிருந்த வார்த்தையை வேறொருத்தி எடுத்துச் சொன்னதுபோல் சாமினிக்கு இருந்தது. நஸ்லாவின் மேல் நேற்றிலிருந்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதையும் சேர்த்துக் கணவன் தலையில் கட்டினாள்.

அதுவரை கதவோரம் துணிக் கட்டின் மேல் இருந்த ஸைத் தொண்டையைச் செருமினார். கனத்த மனிதர். குரல் மட்டும் மெல்லியது.

"கொஞ்சம் பொறுங்க. இந்தக் குளிசை எங்கேர்ந்து வாறதுன்னு சென்னீங்க?"

"சென்னையில இருந்து," என்றாள் சாமினி. "இங்க எங்களுக்குக் கிடைக்கேல்ல. டொக்டரின்ர மருந்துத் துண்டைக் காட்டி அங்க வாங்குறது. வாற ஆக்கள் ஆராவது கொண்டுவரவேணும். ஆள் பிடிக்கிறதுதான் பாடு."

ஸைத் தன் தங்கையைப் பார்த்தார். பிறகு அறை முழுக்க அடுக்கியிருந்த துணிக் கட்டுகளைப் பார்த்தார்.

"நான் மாசத்துக்கு ரெண்டு தரம் சென்னைக்குப் போறேன்," என்றார்.

பிள்ளை வந்து கிளெமென்றின் காற்சட்டையைப் பிடித்து இழுத்தது.

"இந்தச் சாமானெல்லாம் அங்கேர்ந்துதான். நோன்புக்கு முந்தி தங்கச்சிட்டச் சென்னேன், துண்டத் தா, அங்க கேட்டுப் பாக்கிறேன்னு. இவ சென்னா, வேணாம் நானா, கிளினிக்ல ஒருத்தர்ட வய்ப் லெப்ல செய்றா, அது கெடைக்கும்னு. அதோட நான் உட்டுட்டேன்." அவர் கிளெமென்றை நேராகப் பார்த்தார். "ஒரு வார்த்த உண்மையச் சென்னீக்கலாமே தம்பி. ஏன்ட பேக்ல நாப்பது கிலோ சீலைக்கு எடமீக்கி. ரெண்டு பெட்டி குளிசைக்கு எடமில்லாமப் போகுமா?"

சாமினிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. கல்யாணவீட்டுக்காரர்கள், கோயிலுக்குப் போனவர்கள், மாநாட்டுக்குப் போன பேராசிரியர், பெட்டியை மறந்துவிட்டு வந்த அந்த மனிதர் என்று அத்தனை பேரும் அவள் கண்முன் வந்து நின்றார்கள். அவள் விமான நிலையத்தில் கால் கடுக்க நின்ற நாட்களில் இந்த மனிதர் அதே வாசலால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருப்பார். அவளை இடித்துக்கொண்டுகூடப் போயிருக்கலாம். ஒருவருக்கொருவர் தெரியாமல் இருந்ததற்கு ஒரே காரணம் இந்த நாற்காலியில் தலை குனிந்து இருப்பவன்.

"கேட்டீங்களா?" என்றாள் அவனிடம். "கேட்டீங்களா கிளெமென்ற்?"

"கேட்டனான்," என்றான் அவன். அவன் கண்கள் நிறைந்திருந்தன. அவள் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நஸ்லா போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இத எடுத்துட்டுப் போங்க."

"வேண்டாம்," என்றாள் சாமினி. "உங்களுக்கு இதில ஒரு நாளும் தவறக் கூடாது. உங்கட நானா மற்றதைக் கொண்டு வரும்வரைக்கும் இதைப் போடுங்கோ. முழுசா. இவருக்கு என்ன செய்யிறதெண்டு டொக்டர் சொல்லட்டும்."

"எனக்கு இது தொண்டைல எறங்காது."

"இறங்கவேணும். கோவத்தோட விழுங்குங்கோ. நானும் ரெண்டு நாளா அப்பிடித்தான் சாப்பிடுறன்."

நஸ்லா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு பற்றிஸ் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். கிளெமென்றின் பக்கம் தள்ளவில்லை.

கிளினிக்கில் டொக்டர் நதீஷா எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு ஏசவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "இப்பிடிச் செய்றது இவர் மட்டும் இல்லை மிஸஸ் கிளெமென்ற்," என்று தன் உடைந்த தமிழில் சொன்னார். "மருந்து பாதி குடுக்கிறது நாங்க. அவங்க தங்களுக்குள்ள பங்கு போடுறாங்க. நான் யாரைப் பேசுறது?" அந்தக் கேள்வி சாமினியின் கோபத்துக்கு இன்னொரு வாசலைத் திறந்துவிட்டது. வெளியே வாங்குகளில் காலையிலிருந்து இருந்த முகங்களைப் பார்த்தாள். எத்தனை பொக்கெற்றுக்குள் எத்தனை பாதிக் குளிசை என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் புரதம் வடிவம் மாறிவிட்டதா என்று பார்க்கக் கிளெமென்றின் இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். நஸ்லாவின் வழக்கமான பரிசோதனை நன்றாக வந்தது. அரை மாதம் கிளினிக், அரை மாதம் கிளெமென்ற் என்று அவளுக்கு ஒரு நாளும் முழுக் குளிசை தவறவில்லை. அந்தச் செய்தியைச் சொல்லச் சாமினிக்குப் போன் எடுத்த நஸ்லா, "அண்ணாட ரிசல்ட் வராம எனக்கு இதுக்குச் சந்தோசப்பட ஏலாது," என்று வைத்துவிட்டாள்.

காத்திருந்த நாட்களில் சாமினி கிளெமென்றோடு வேண்டிய சொல்லை மட்டும் பேசினாள். உப்பு. குடை. கதவைப் பூட்டுங்கோ. தன் அறைக்குத் திரும்பிவிட்டாள், ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவன் தூங்கிய பிறகு திரும்பி, மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். வேலைத்தலத்தில் தன் கலங்கள் வளரும் கண்ணாடித் தட்டுகளைக் கையில் எடுத்துவிட்டு, பார்க்காமலே திரும்ப வைத்துவிடுவாள்.

அறிக்கை வந்தது. அந்தப் பெரிய புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. குழியின் ஓரத்தில், ஒரு சின்னது இருந்த இடத்தில் வேறொன்று. டொக்டர் நதீஷா சொல்லத் தொடங்குவதற்கு முன்பே, திரையைப் பார்த்த சாமினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிளெமென்ற் டொக்டரைப் பார்க்காமல் அவளையே பார்த்தான்.

"மாறீட்டுதா?"

"ஓம்."

"அப்ப பழைய கப்பல் இனிக் கட்டாது."

"கட்டாது. வேற மருந்து இருக்கு, இந்த வடிவத்துக்குப் பொருந்தும். அதிலயும் பாதி போட்டா அடுத்த மருந்து எங்கட கைக்கு எட்டாது. விளங்குதா?"

"விளங்குது."

"எனக்குச் சொல்லாதீங்கோ. டொக்டருக்குச் சொல்லுங்கோ."

அவன் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் டொக்டர் பக்கம் திரும்பிச் சொன்னான்.

புது மருந்தை ஸைத் கொண்டுவந்தார். சீலைக் கட்டுக்குள் சுற்றி, நஸ்லாவின் பெட்டியையும் கிளெமென்றின் பெட்டியையும் வேறு வேறாக, மேலே பெயரெழுதி. கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் வந்து நின்று, அதை யார் கையிலும் கொடுக்காமல் சாமினியின் கையில்தான் கொடுத்தார்.

இந்த மருந்தை வெறும் வயிற்றில் போடவேண்டும், காலையும் மாலையும். அதற்கு முன் இரண்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடக்கூடாது. பின்னும் ஒரு மணித்தியாலம். முதல் நாள் மாலை கிளெமென்ற் மேசையில் இருந்தான். சாமினி எதிரே. அவன் முழுக் குளிசைகளையும் உள்ளங்கையில் வைத்து அவளுக்குக் காட்டினான். வாயில் போட்டான். தண்ணீர் குடித்தான். வாயைத் திறந்து காட்டினான்.

"கூத்தாடத் தேவையில்லை," என்றாள் அவள்.

போன் அடித்தது. வீடியோவில் நஸ்லா. "போட்டாரா?"

"போட்டார்."

"முழுசா?"

"என்ர கண்ணால பாத்தனான்."

"ஸலாம் செல்லுங்க. கோவம் இன்னும் ஈக்கின்னும் செல்லுங்க."

"அது எனக்கும் இருக்கு," என்று சாமினி போனை வைத்தாள்.

குசினியிலிருந்து பொரித்த மீனின் மணம் வந்தது. கொன்ஸ்ரன்ஸ் இரண்டு பீங்கான்களில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றை மகனுக்கென்று மூடி வைத்தாள். மற்றதை மருமகளின் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். சாமினி அதையும் ஒரு தட்டால் மூடினாள்.

"நீர் சாப்பிடுமன்," என்றான் கிளெமென்ற். "உமக்கென்ன பத்தியமா?"

"எனக்குப் பசிக்கேல்ல."

"மத்தியானமும் நீர் ஒண்டும் சாப்பிடேல்ல எண்டு அம்மா சொன்னவ."

"நான் சாப்பிடுறதைப் பாக்கிற வேலையை உங்களுக்கு ஆரும் தரேல்ல."

அவன் மூடியிருந்த சோற்றை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு, "எவ்வளவு நாளைக்கு இந்தக் கோவம்?" என்றான்.

"உங்கட இரத்தம் சொல்லட்டும். அதில நோய் இறங்க இறங்க நானும் பாக்கிறன்."

அவன் மேசைக்கு மேலால் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. ஆனால் தன் கையை மேசையிலிருந்து எடுக்கவும் இல்லை. அவனுடைய விரல்கள் அவளுடைய விரல்களுக்குச் சற்று முன்னால் வந்து நின்றுகொண்டன.

"பிள்ளை, சோறு ஆறப்போகுது," என்று குசினியிலிருந்து கொன்ஸ்ரன்ஸ் கூப்பிட்டாள்.

"ஆறட்டும், மாமி," என்றாள் சாமினி.